ஓரேர் உழவனும் பதினோராம் வகுப்பும்

பாடியவரின் பெயர் மறைந்துபோக, அவர் கையாண்ட உவமையே அவருக்குப் பெயராகி நின்ற பாடல்கள் குறுந்தொகையில் சில உண்டு. குப்பைக்கோழியார், மீனெறிதூண்டிலார், விட்டகுதிரையார், செம்புலப்பெயனீரார் என்று அப்பெயர்களை அடுக்கிச் சொன்னால் பதினாறு அகவை மாணவர் சிரிப்பர். சிரிக்கட்டும். பெற்றோர் இட்ட பெயரைவிடப் பாட்டில் வைத்த உவமை நீடு வாழ்ந்திருக்கிறது என்பதைச் சிரித்துக்கொண்டாவது கேட்டுவிட்டால் அன்றைய பாடத்தில் பாதி முடிந்தது என்பேன்.

அவ்வரிசையில் ஒருவர் ஓரேருழவர். குறுந்தொகையின் 131ஆம் பாடல் அவருடையது, ஆறே அடி. வினை முடித்து மீளும் தலைவன் பேசுகிறான். தலைவியின் தோளுக்கு அசையும் மூங்கிலை ஒப்பாகச் சொல்கிறான். அவள் இருக்கும் ஊரோ கடத்தற்கரிய நெடுவழிக்கு அப்பால். மழையீரம் பட்ட புனமும் ஒரே ஓர் ஏரும் உடைய உழவன் எப்படிப் பதைப்பானோ, அப்படித் தன் நெஞ்சு பதைக்கிறது என்று நொந்துகொள்கிறான்.

இப்பாடலைக் கரும்பலகையில் எழுதி, “எத்தனை உவமை?” என்று கேட்டேன். “ஒண்ணுதாங்க ஐயா” என்றது வகுப்பு. ‘போல’ என்ற சொல் ஒருமுறைதான் வருகிறது. ஆகவே உவமையும் ஒன்றுதான். மூங்கிலுக்கும் தோளுக்கும் இடையே நிற்கும் ‘புரையும்’ எவர் கண்ணிலும் படவில்லை. தொல்காப்பியம் உவம உருபுகளாக 36 சொற்களைக் காட்டுகிறது. நன்னூல் 12 சொல்கிறது. நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது ஒன்று. இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அணி இலக்கணம், எடுத்துக்காட்டு, அணிப்பொருத்தம் என்று மூன்று அடுக்காக எழுதப் பழக்கியவர்கள் நாம். ‘உவமை, உவமேயம், உவம உருபு ஆகியவை வெளிப்படையாக வந்துள்ளதால் இஃது உவமையணி’ என்று எழுதினால் முழு மதிப்பெண். பாட்டின் ஒரு சொல்லைக்கூட உள்வாங்காமல் அவ்விடையை எழுதலாம். எழுதியிருக்கிறார்கள், நானும் சிவப்பு மையில் குறியிட்டிருக்கிறேன்.

அணிக்குப் பெயர் சொல்வதும் அணியை அறிவதும் வேறு வேறு செயல்கள். இதைச் சொல்ல இன்று உளவியலின் துணையும் நமக்கு இருக்கிறது.

உவமை என்பது உள்ளத்தில் எப்படி நிகழ்கிறது என்ற வினாவுக்குத் தெத்ரே கென்ட்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1983இல் ஒரு விடை தந்தார். இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது நாம் அவற்றின் பண்புகளை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்றன் உறுப்புகளுக்கு இடையே உள்ள உறவுகளை எடுத்து மற்றதன் மேல் பொருத்துகிறோம் என்பது அவர் கொள்கை. அவர் காட்டிய சான்று அணுவும் ஞாயிற்றுக் குடும்பமும். அணுக்கரு ஞாயிற்றைப் போல் மஞ்சளாகவோ வெப்பமாகவோ இருக்கவேண்டியதில்லை. நடுவே ஒன்று ஈர்க்க, மற்றவை அதனைச் சுற்றுகின்றன. அந்த உறவு மட்டும் இங்கிருந்து அங்கே போகிறது. நிறமும் சூடும் பின்தங்கிவிடுகின்றன.

ஒப்புமை ஆகவே இருவகை. ஒன்று தோற்றத்தைப் பற்றியது. மற்றொன்று நிகழ்வைப் பற்றியது. சிறு பிள்ளைகள் முதல்வகையை எளிதில் பிடிக்கிறார்கள் என்றும், இரண்டாம் வகையைப் பிடிக்கும் திறம் வளர வளரக் கூடுகிறது என்றும் கென்ட்னர் 1988இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. இவ்வளர்ச்சிக்கு அகவையைவிட அறிவே பெருங்காரணம் என்று அவரும் ராட்டர்மன் என்பவரும் பின்னர் வாதிட்டனர். ஒரு துறையை நன்கறிந்த சிறுவன் அத்துறையில் பெரியவனைப் போலவே ஒப்பிடுவான். அறியாத துறையில் பெரியவனும் சிறுவனாகிவிடுவான். ஆசிரியன் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளத்தக்க செய்தி இது.

உவமை தோன்றும் இடங்களாகத் தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்தில் நான்கைச் சொன்னார்: வினை, பயன், மெய், உரு. மெய் என்றது வடிவம். உரு என்றது நிறம் என்பர் உரைகாரர். செய்கையும் அதன் விளைவும் ஒருபுறம், வடிவும் வண்ணமும் மறுபுறம். தொல்காப்பியர் உளவியல் ஆய்வுக்கூடம் நடத்தினார் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வகைப் பெருமிதப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆயினும் கென்ட்னர் வெட்டிய இடமும் அவர் வெட்டிய இடமும் ஒரே கணுவில் விழுகின்றன. ஓரேருழவர் பாட்டில் மூங்கில் மெய்யுவமம், உழவன் வினையுவமம். ஆறடிக்குள் இரண்டும் இருப்பதால்தான் இந்தப் பாட்டை வகுப்புக்குத் தேர்ந்தேன்.

மூங்கிலைப் பற்றிப் பேச்சு வந்ததும், “தோளு மூங்கில் மாதிரின்னா குச்சியா இருக்கும்னா ஐயா?” என்று ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் கண்ட மூங்கில் பந்தல்காரர் வண்டியில் ஏற்றிப்போகும் காய்ந்த கழி. புலவர் கண்டதோ காற்றில் அசையும் பச்சை மூங்கில். இரு கணுக்களுக்கு இடையே மழமழவென்று திரண்ட தண்டு. நான் ஒரு படத்தைக் காட்டியதும் ஐயம் தீர்ந்தது. மெய்யுவமத்துக்குப் பெரும்பாலும் ஒரு படம் போதும்.

உழவனுக்குப் படம் போதவில்லை. ஏர் பூட்டிய உழவன் படத்தை அவர்கள் ஆயிரம் முறை பார்த்தவர்கள். “உழவன் உழைப்பாளி; அதைப் போலத் தலைவனும் உழைப்பாளி” என்றாள் ஒருத்தி. உழவன் என்றதும் உழைப்பு என்று மனம் தானே ஓடிவிட்டது. பாட்டு சொல்வதைக் காது கேட்கவில்லை. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்து 13 பாடல்களைத் தம் மாணவரிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துரைகளை 1929இல் நூலாக்கினார். பயிற்சி பெற்ற அம்மாணவரே பாட்டின் நேர்பொருளைப் பிடிக்கத் தடுமாறினர். முன்பே அணியமாய் இருந்த உணர்ச்சியைப் பாட்டின் மேல் ஏற்றினர். அங்கே அப்படியென்றால் எங்கள் வகுப்பில் உழைப்பு வந்ததில் வியப்பில்லை.

பிள்ளைகளுக்கு உருவகமே புரியாது என்று சிலர் சலித்துக்கொள்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1982இல் கிளக்ஸ்பர்க்கும் அவருடன் இருவரும் ஓர் ஆய்வு செய்தனர். சொற்றொடர்களைக் காட்டி, அவை நேர்பொருளில் மெய்யா பொய்யா என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். ‘சில வேலைகள் சிறைகள்’ என்பது போன்ற தொடர் வந்தபோது, பொருளே இல்லாத பொய்த்தொடரை மறுப்பதைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. உருவகப்பொருளைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லியும் உள்ளம் பார்த்துவிட்டது. மூளையின் மின்னழுத்த அலைகளை அளக்கும் ஆய்வுகளும் இதையொட்டியே பேசுகின்றன. ‘இட்டிலிக்குச் செருப்பைத் தொட்டுக்கொண்டான்’ என்று பொருந்தாச் சொல் ஒன்று வந்தால், நொடியில் பத்தில் நான்கு பங்கு கழிந்ததும் ஓர் எதிர்மின் அலை எழும் என்று 1980இல் குட்டாசும் ஹில்யார்டும் கண்டனர். உருவகச் சொல்லுக்கும் அவ்வலை எழுகிறது. நேர்பொருட் சொல்லுக்கு எழுவதைவிடச் சற்று மிகுதியாக. கூல்சனும் வான் பெட்டனும் 2002இல் காட்டியபடி இது படிப்படியாக ஏறும் வேறுபாடு. உருவகத்துக்கென்று மூளை தனிக்கதவு ஒன்றைத் திறப்பதாகத் தெரியவில்லை. அதே கதவைச் சற்று அழுத்தித் தள்ளவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

“அப்பா காலையிலேர்ந்தே சூடா இருக்காரு” என்று சொல்லும் பிள்ளைக்கு உருவகம் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதன் காலைக் காலென்றே எண்ணாத பழக்கமும் அவனுக்கு உண்டு. வழக்கில் தேய்ந்த உருவகம் ஒப்பீடாகத் தோன்றாமல் வெறும் பெயராகிவிடும். ஆகவே அவனிடம் இல்லாதது திறம் அன்று. ஈரம் பட்ட புனம்தான்.

அதனால் இலக்கணத்தை மூடிவைத்துவிட்டு மண்ணைப் பற்றிப் பேசினேன். மழை விட்டதும் மண்ணின் பெருந்துளைகளில் நின்ற நீர் இரண்டு மூன்று நாளில் கீழிறங்கிவிடும்; நுண்துளைகள் பற்றிய நீர் எஞ்சும். அதற்கு முன் உழுதால் சேறு கொழுவில் அப்பிக்கொள்ளும், மண் இறுகும். வெயிலில் அந்த எஞ்சிய நீரும் போனபின் உழுதால் கட்டி கட்டியாகப் பெயரும். இடையில் உள்ள சில நாளே பதம். பாட்டு இதைச் செவ்வி என்கிறது. ஓர் இணை மாடும் நாட்டுக் கலப்பையும் நாள் முழுதும் உழுதாலும் ஓர் ஏக்கரைத் தாண்டுவது அரிது. (ஏக்கர் என்னும் அளவே ஓர் இணை எருது ஒரு நாளில் உழும் நிலம் என்ற கணக்கில் பிறந்ததுதான்.) நிலம் பரந்து கிடக்கிறது, ஏர் ஒன்று, ஈரம் மணிக்கு மணி குறைகிறது.

“டிராக்டர் வாடகைக்கு எடுத்தா ஆச்சுங்களே ஐயா” என்றான் மூங்கில் கேள்வி கேட்டவன்.

மூன்றாம் வரிசையிலிருந்து மறுமொழி வந்தது. “எங்க ஊர்ல வந்து பாரு. மழை விட்டதும் எல்லாருக்கும் ஒரே நாள்லதான் டிராக்டர் வேணும். நம்ம முறை வர்றதுக்குள்ள மண்ணு காஞ்சிரும். எங்க தாத்தா அந்த ரெண்டு நாளும் சோறே திங்கமாட்டாரு.”

மாடு போயிற்று, கலப்பை போயிற்று, உறவு அப்படியே இருந்தது. கென்ட்னர் சொன்னதை இதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது, விளக்கவும் இல்லை.

அதன்பின் பொருத்தும் வேலையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நிலப்பரப்பு எது? கடக்கவேண்டிய வழி. ஏர் எது? ஒரே நெஞ்சு என்றான் ஒருவன். ஒரே உடம்பு என்றான் மற்றவன், நெஞ்சுதான் முன்பே போய்ச்சேர்ந்துவிட்டதே என்று. ஈரம் எது என்பதில் வாதம் நீண்டது. தலைவன் குறித்த பருவம் என்றனர் சிலர். “காத்திருக்கிறவளோட பொறுமை. அது காஞ்சபிறகு வந்து உழுதாலும் முளைக்காது” என்றாள் முன்பு உழைப்பு என்றவள். இவற்றுள் எது ‘சரியான விடை’ என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. பொருந்தாதது எது என்று தேடச் சொன்னேன். உவமையைச் சோதிக்க அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. சற்று நேரம் கழித்து ஒருவன், மழை பெய்தது உழவனுக்கு நல்லதுதானே, அவன் ஏன் வருந்தவேண்டும் என்றான். அப்போதுதான் ‘விதுப்பு’ என்ற சொல்லுக்குப் போனோம். விரைவும் நடுக்கமும் வேட்கையும் அதற்குள் இருக்கின்றன. வேண்டியது கிடைக்கும் நேரத்தில் வரும் நடுக்கம் அது. இல்லாமையால் வரும் துயரம் வேறு.

அணியின் பெயரை அன்று பாடத்தின் இறுதியில்தான் சொன்னேன். தேர்வுக்கு வேண்டுமே.

மறுநாள், ஓரேர் உழவனுக்கு இணையாக இன்றைய வாழ்விலிருந்து ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒருவன் கைப்பேசி கொண்டுவந்தான்: மின்னூட்டம் மூன்று விழுக்காடு, வீட்டில் சார்ஜர் ஒன்று, கேட்போர் நால்வர். வகுப்பு ஆய்ந்து தள்ளிவிட்டது. இறங்கிய மின்னூட்டத்தை நாளைக்கும் ஏற்றலாம்; ஈரத்தை ஏற்ற முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அடுத்து எழுந்தவள் வகுப்பில் அதிகம் பேசாதவள். “தண்ணி லாரி வந்து நிக்குது ஐயா. எல்லாரும் ஏழெட்டு கொடம் வச்சிருக்காங்க. எங்கிட்ட ஒரே கொடம். கொண்டுபோய் ஊத்திட்டு ஓடி வரணும், அதுக்குள்ள லாரி கெளம்பிரும்.”

எவரும் பொருந்தாததைத் தேடவில்லை. நான் கரும்பலகையில் ஓரேருழவர் என்பதன் கீழே ‘ஒற்றைக்குடத்தார்’ என்று எழுதினேன். அந்த ஆண்டு முழுதும் வருகைப்பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவளுக்கு அதுவே பெயர்.