நாற்பது விநாடிப் பச்சை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளின் தூய்மை அறைக்குள் ஒரு துளசி இலைகூட நுழைய முடியாது. மண்துகளும் மகரந்தமும் அங்கே எதிரிகள். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடை மாட்டிக்கொண்டு உள்ளே போனவருக்கு, வெளியே மழையா வெயிலா என்பது ஷிப்டு முடிந்துதான் தெரியும். 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கி இன்டெல் வந்தபோது, அந்தப் பக்கமெல்லாம் நெல்வயல்.

இந்த வேலையில் உடம்புக்கு முன்னால் களைத்துப்போவது கவனம். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சில்லில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறவர், பார்ப்பதற்கு மட்டுமா உழைக்கிறார்? இயந்திர இரைச்சல், பசி, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று குறுக்கே வருவதையெல்லாம் மனத்தைவிட்டுத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். அந்தத் தள்ளும் சக்தி தீரும்போதுதான் பிழையும் எரிச்சலும் வருகின்றன என்றார்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் தம்பதியர். அதை மீட்க, முயற்சி எதுவும் கேட்காமல் தானாகக் கண்ணை இழுக்கிற, ஆனால் ஆளை முழுக்க விழுங்கிவிடாத பொருள் வேண்டும். தொலைக்காட்சித் தொடரும் கைப்பேசியும் விழுங்கிவிடும் ரகம்.

பினாங்கில் அப்படிப்பட்ட பொருளுக்குப் பஞ்சமில்லை. 1884இல் சார்லஸ் கர்டிஸ் பொறுப்பில் உருவான தாவரவியல் பூங்கா, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற அதே சாலையில்தான் இருக்கிறது. அங்கே மர உச்சியில் லோத்தோங் குரங்குகள் உட்கார்ந்து இலை தின்னும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், உடம்பு கருஞ்சாம்பல். குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு. குட்டி ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குத் தாவுவதைப் பார்க்க யாரும் முயற்சி செய்ய வேண்டியதில்லை. பார்வை தானாகப் போகும், தானாக விலகும். அந்த இடைவெளியில் கவனம் ஓய்கிறது.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். மார்க் பெர்மன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், எண்வரிசையைக் கேட்டுத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும் சோதனையை வைத்தார்கள். மரத்தோட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நடந்துவிட்டு வந்தவர்கள் முன்னைவிட நன்றாகச் சொன்னார்கள். நகரத் தெருவில் நடந்தவர்களுக்கு அந்தளவு முன்னேற்றம் இல்லை. எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்: கடுங்குளிர் மாதத்தில், நடையை அவ்வளவாக ரசிக்காமல் நடந்தவர்களுக்கும் அதே பலன். மனம் குளிர்வது வேறு, கவனம் தெளிவது வேறு.

பினாங்கை ஆண்ட வெள்ளைக்காரர்கள் இப்படிப்பட்ட ஆய்வுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. நோயுற்ற அதிகாரிகளைத் தேற்றக் கொடிமலையில் பங்களா கட்டினார்கள். 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கும்வரை பலர் டோலியில்தான் ஏறினார்கள். தூக்கிப்போனவர்களின் களைப்பைத் தேற்ற எந்தப் பங்களாவும் இல்லை. இன்று டோலி இல்லை. ஆனால் விடுமுறை நாளில் அந்த ரயிலுக்கு வரிசையில் நின்றால், மேலே கிடைப்பதில் பாதி கீழேயே கரைந்துவிடும்.

நல்லவேளை, மலையேறித்தான் ஆகவேண்டும் என்றில்லை. 2015இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 150 மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் ஒரு கணினி வேலையைக் கொடுத்து, நடுவில் 40 விநாடி ஒரு கட்டடக் கூரையின் படத்தைக் காட்டினார்கள். சிலருக்கு வெறும் கான்கிரீட் கூரை, சிலருக்குப் பூத்த புல்வெளிக் கூரை. புல்வெளியைப் பார்த்தவர்கள் அடுத்த சுற்றில் குறைவாகத் தவறினார்கள். அதுவும் வெறும் படம்தான்.

இதை வைத்து, மரம் நட்டுவிட்டோம், இனி ஓவர்டைம் கூட்டலாம் என்று எந்த நிர்வாகமும் கணக்குப் போடக் கூடாது. 12 மணி நேர ஷிப்டு தின்ற தூக்கத்தை எந்த மரமும் திருப்பித் தராது. வாசலில் விருந்தினர் கண்ணுக்கு வைக்கும் அழகுச்செடியாலும், கண்ணாடிக்குள் நாள் முழுக்க நிற்பவருக்கு ஒன்றும் இல்லை. தூங்குமூஞ்சி மரம் தெரிகிற பக்கமாகக் கேன்டீன் மேசைகளைத் திருப்பிப் போட்டு, சாப்பிட்டபின் பத்து நிமிடம் யாரும் கூப்பிடாமல் விட்டால் போதும். அதற்குச் செலவென்று பெரிதாக எதுவும் இல்லை.