பர்மா எல்லையில் பூட்டு, கள்ளக்குறிச்சி கமிட்டியில் விலை

கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் என்றால் பலருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். கோமுகி அணைத் தண்ணீர் பாயும் வயல்களில் நெல்லும் கரும்பும், மேட்டு நிலங்களில் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகின்றன. இவற்றுக்கு நடுவே அதிகம் பேசப்படாத பயிர் ஒன்று உண்டு: உளுந்து. கள்ளக்குறிச்சி மாவட்டத்து மானாவாரி விவசாயிக்கு மூன்று மாதத்துக்குள் கையில் காசு தருவது அதுதான்.

அறுவடை முடிந்ததும் மூட்டை கமிட்டிக்குப் போகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். அங்கே ஏலத்தில் என்ன விலை விழும் என்பதை அந்த ஆண்டு மழையும், பயறின் ஈரப்பதமும், பருப்பு மில்களின் தேவையும் முடிவு செய்கின்றன. வியாபாரி விலை கேட்கும்போது அவர் மனக்கணக்கில் இன்னொரு சரக்கும் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் பர்மா உளுந்து அது.

இந்தியா வெளிநாடுகளிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி இந்த மியான்மர் (பர்மா) உளுந்துதான். ஆகவே இந்தியாவும் மியான்மரும் தங்கள் எல்லையை எப்படிக் காக்கின்றன, எப்படி வணிகம் செய்கின்றன என்பது மணிப்பூர் மலைகளோடு முடிகிற விஷயமாக இல்லை.

எல்லை பிறந்த கதை

1937 ஏப்ரல் 1 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பலேறி ரங்கூனில் இறங்குவது அன்றைய தமிழர்களுக்கு உள்நாட்டுப் பயணம்தான். ஐராவதி டெல்டாவின் நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள். வயலிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம்.

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவர்களின் பிழைப்புக்காக உருவானது.

திரும்பியவர்களில் சிலருக்குத் தமிழ்நாடு ஒட்டவில்லை. தரைவழியாகவே மறுபடியும் பர்மாவுக்குள் போய்விடலாம் என்று கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். இம்பாலிலிருந்து சுமார் 110 கி.மீ. தொலைவில், மியான்மரின் தமு நகரத்துக்கு எதிரே உள்ள ஊர் அது. அங்கே அங்காளபரமேஸ்வரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் உண்டு. குக்கி, மெய்தெய், நேபாளி, மார்வாடி வியாபாரிகளுக்கு நடுவே தமிழர்களும் பல ஆண்டுகள் எல்லை வணிகத்தின் முக்கியப் புள்ளிகளாக இருந்தார்கள்.

கோடு போட்டபின் வந்த சிக்கல்

இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லை 1,643 கி.மீ. நீளம். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்கள் அதைத் தொடுகின்றன. 1967இல் எல்லை உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால் கோடு போன வழியில் ஊர்களும் உறவுகளும் இருந்தன. நாகாலாந்தின் லோங்வா கிராமத்தில் தலைவரின் வீட்டுக்குள்ளேயே எல்லை ஓடுகிறது. மிசோரமின் மிசோக்களும் எதிர்ப்பக்கத்துச் சின் மக்களும் ஒரே இனத்தின் கிளைகள்.

இதற்காகத்தான் ‘தடையற்ற நடமாட்ட முறை’ இருந்தது. எல்லையோர மலைமக்கள் விசா இல்லாமல் எதிர்ப்பக்கம் போய் வரலாம். ஆரம்பத்தில் 40 கி.மீ. வரை இருந்த அனுமதி, 2004இல் 16 கி.மீ. ஆகக் குறைந்தது.

சந்தைக்கும் ஒரு சட்டம் வந்தது. 1994 ஜனவரியில் எல்லை வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1995 ஏப்ரலில் மோரே–தமு வழியே வணிகம் தொடங்கியது. முதலில் அது பண்டமாற்று; குறிப்பிட்ட சில பொருள்களுக்கு மட்டும் அனுமதி. பட்டியல் பின்னர் 62 பொருள்கள் வரை நீண்டது. 2015 டிசம்பரில் பண்டமாற்று முடிவுக்கு வந்து, வங்கி வழியாகப் பணம் செலுத்தும் வழக்கமான வணிகமாக மாறியது. 2018 ஆகஸ்டில் பாஸ்போர்ட், விசாவோடு தரைவழியே கடக்கும் வாயில் திறந்தது. 2019 ஜனவரியில் மோரேயில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி வந்தது. சுங்கம், குடியேற்றச் சோதனை, காவல், கிடங்கு எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவருவதே இதன் நோக்கம்.

காவல் தரப்பிலும் கைகோப்பு இருந்தது. 2014 மே மாதம் எல்லை ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2019இல் ‘ஆபரேஷன் சன்ரைஸ்’ என்ற பெயரில் இரு நாட்டு ராணுவங்களும் தத்தம் பகுதியில் ஒரே சமயத்தில் தீவிரவாத முகாம்களைத் தேடி நடவடிக்கை எடுத்தன. ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் ஒதுங்கும் குழுக்களுக்கு எதிராக இந்த ஏற்பாடு பலன் தந்தது.

அடுத்தடுத்து விழுந்த பூட்டுகள்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை மூடப்பட்டது. 2021 பிப்ரவரி 1இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. உள்நாட்டுப் போர் மூண்டது. பல்லாயிரம் பேர் மிசோரமில் தஞ்சம் புகுந்தார்கள். 2023 மே 3இல் மெய்தெய்–குக்கி மோதலில் மணிப்பூர் பற்றியெரியத் தொடங்கியது. மோரேயின் கடைவீதியும் முடங்கியது.

2023 நவம்பரில் நிலைமை இன்னும் சிக்கலானது. மிசோரமின் சோக்காவ்தர் வாயிலுக்கு எதிரேயுள்ள ரிக்காவ்தர் நகரை, மியான்மர் ராணுவத்திடமிருந்து சின் ஆயுதக் குழுக்கள் பிடித்தன. எல்லை ஒத்துழைப்பு என்றால் எதிரே கையெழுத்துப் போட ஓர் அரசு வேண்டும். டெல்லி பேசுவது மியான்மர் தலைநகர் நேபிடாவோடு. வாயிலில் நிற்பதோ வேறொருவர். ஒப்பந்தத் தாளுக்கும் எல்லைக் கம்பத்துக்கும் நடுவே விழுந்த இந்த இடைவெளி இன்றுவரை முழுதாக அடைபடவில்லை.

2024 பிப்ரவரியில் தடையற்ற நடமாட்ட முறையை ரத்து செய்வதாகவும், எல்லை முழுவதும் வேலி போடுவதாகவும் மத்திய அரசு அறிவித்தது. மோரே அருகே 10 கி.மீ. வேலி அதற்குள் போட்டாகிவிட்டது. மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் ரத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. ஆண்டு முடிவதற்குள் நடுவழி ஒன்று வந்தது: 10 கி.மீ. தொலைவுக்குள், அசாம் ரைபிள்ஸ் படை தரும் அனுமதிச் சீட்டோடு போய்வரலாம்.

வேலி கேட்பவர்கள் சொல்லும் காரணம் லேசானதல்ல. 2023இல் மியான்மர் சுமார் 1,080 டன் அபினி விளைவித்து, ஆப்கானிஸ்தானைத் தாண்டி உலகில் முதலிடத்துக்கு வந்ததாக ஐ.நா.வின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகம் சொன்னது. ஹெராயினும் மெத்தம்பெட்டமின் மாத்திரைகளும் வடகிழக்கு வழியே உள்ளே வருகின்றன.

வாயில் மூடினால் சரக்கு எங்கே போகும்?

விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மதுபான விலை இரு பக்கமும் ஒன்றாக இல்லாதவரை, சாவடியில் எத்தனை போலீசார் நின்றாலும் சந்து வழியே பாட்டில்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.

மியான்மர் எல்லையில் அந்தப் பாட்டிலின் இடத்தில் கொட்டைப்பாக்கு இருக்கிறது. இந்தியப் பாக்கு விவசாயிகளைக் காக்க, கிலோ 351 ரூபாய்க்குக் குறைந்த பாக்கை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் அரசு விதித்தது. பர்மா பாக்கு அதைவிட மலிவு. சட்டப்படியான வாயிலும் மூடிக் கிடந்தது. பாக்கு மூட்டைகள் மிசோரம் மலைப்பாதைகளில் இறங்கின. வரி போனது, எந்த மூட்டையில் பாக்கு, எதில் மாத்திரை என்று பிரித்தறியும் வாய்ப்பும் காவல்துறைக்குக் குறைந்தது. சுங்கச் சாவடி வழியாக வரும் லாரிக்கு எண் உண்டு, உரிமையாளர் உண்டு, ரசீது உண்டு. காட்டுப்பாதைச் சுமைக்கு எதுவும் இல்லை. வணிக வாயில் சரியாக இயங்குவதும் ஒருவகைக் காவல்தான் என்று சொல்வது இதனால்தான்.

உளுந்து வரும் பாதை வேறு

தரை எல்லையில் இத்தனை நடந்தும் உளுந்து வரத்து நிற்கவில்லை. காரணம், அது மோரே வழியாக வருவதில்லை. மியான்மரின் பாகோ பகுதியிலும் ஐராவதி டெல்டாவிலும் நெல் அறுத்த நிலத்தின் ஈரத்தில் விளைந்து, யாங்கோன் (ரங்கூன்) துறைமுகத்தில் கப்பலேறுகிறது. நம் காவிரி டெல்டாவின் நெல் தரிசு உளுந்துக்கு அது சகோதரப் பயிர். இரண்டும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் சந்தைக்கு வருவதில்தான் தமிழக விவசாயிக்குச் சங்கடம்.

இங்கே இரு நாடுகளும் வேறுவிதமாக ஒத்துழைத்தன. 2021இல் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தப்படி, 2021-22 முதல் 2025-26 வரை ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வணிகர்கள் வழியே வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. மும்பை, தூத்துக்குடி, சென்னை, கொல்கத்தா, ஹசீரா ஆகிய ஐந்து துறைமுகங்கள், விளைந்த நாட்டுக்கான சான்றிதழ் என்று வழியும் வகுக்கப்பட்டது. டாலர் நெருக்கடியில் இருந்த மியான்மர், ஏற்றுமதியாளர்களின் வருமானத்தில் ஒரு பகுதியை டாலருக்கு 2,100 கியாட் என்ற அரசு விலையில் மாற்றச் சொன்னது. வெளிச்சந்தையில் டாலர் அதைவிட மிகவும் உயர்ந்திருந்ததால் வணிகர்கள் தயங்கினார்கள். 2024இல் பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக ரூபாய்–கியாட் நேரடிக் கணக்கு முறை வந்ததற்கு இது ஒரு பின்னணி.

இந்த ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு கசப்பு இருந்தது. 2016-17இல் இந்தியாவில் பருப்பு விளைச்சல் பெருகி விலை விழுந்தது. 2017 ஆகஸ்டில் துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்து–பாசிப்பயறுக்கு 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு இந்தியா திடீரென்று உச்சவரம்பு போட்டது. இந்தியாவை நம்பியே உளுந்து விதைத்திருந்த பர்மிய விவசாயிகள் விலைச் சரிவில் நொந்துபோனார்கள். 2021 மே மாதம் இங்கே பருப்பு விலை ஏறியதும் உளுந்து இறக்குமதி கட்டுப்பாடின்றித் திறந்துவிடப்பட்டது. இம்முறை விலை இறங்குமோ என்ற கவலை நம் விவசாயிக்கு. இரு பக்கமும் அடி வாங்கியவர், முன்கூட்டியே எதுவும் சொல்லப்படாதவர்.

வங்கதேசத்திடம் ஒரு மாதிரி

4,096 கி.மீ. நீளமுள்ள வங்கதேச எல்லையில் காவலும் வணிகமும் ஒரே காலத்தில் முன்னேறிய ஆண்டுகள் உண்டு. 2011 ஜூலையில் இரு நாட்டுக் காவல் படைகளும் சேர்ந்து ரோந்து போவதற்கும் தகவல் பரிமாறுவதற்கும் ஒருங்கிணைந்த எல்லை மேலாண்மைத் திட்டம் கையெழுத்தானது. அதே மாதம் மேகாலயாவின் காலாய்ச்சரில் முதல் ‘எல்லை ஹாட்’ திறந்தது. சுற்றியுள்ள கிராமத்தார், குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட வரம்புக்குள் காய்கறியும் துணியும் வாங்கி விற்கும் வாரச்சந்தை அது. 2015இல் நிலப்பகுதிகளைப் பரிமாறிக்கொண்டதில், ஒரு நாட்டுக்குச் சொந்தமாகி மற்ற நாட்டுக்குள் சிக்கிக் கிடந்த 162 திட்டுகளின் மக்களுக்குக் குடியுரிமை கிடைத்தது.

அந்த மாதிரியும் அரசியலுக்குத் தப்பவில்லை. டாக்காவில் ஆட்சி மாறி உறவு கசந்த நிலையில், வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியே வருவதை 2025 மே மாதம் இந்தியா நிறுத்தியது.

கச்சிராயபாளையம் எதைக் கவனிக்க வேண்டும்?

உளுந்துக்கு 2025-26 பருவத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாயாக இருந்தது. கமிட்டி விலை ஆதரவு விலைக்கு மேலே நிற்குமா என்பதை ஊரின் விளைச்சலோடு சேர்ந்து மூன்று சேதிகள் காட்டிக்கொடுக்கும்: மியான்மரின் பிப்ரவரி–ஏப்ரல் அறுவடை, கியாட்டின் மதிப்பு, கட்டுப்பாடற்ற இறக்குமதிக்கு டெல்லி வைக்கும் கெடு. அந்தக் கெடு பெரும்பாலும் மார்ச் 31இல் முடியும். முடியும் முன் பலமுறை நீட்டிக்கப்பட்டும் இருக்கிறது. பிரேசிலும் இப்போது இந்தியாவுக்காக உளுந்து பயிரிடத் தொடங்கியிருப்பதால் கணக்கில் இன்னொரு நாடு கூடியிருக்கிறது.

இறக்குமதியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. இட்லி மாவுக் கடையிலிருந்து அப்பளத் தொழில் வரை உளுந்தின் தேவை விளைச்சலை மிஞ்சுகிறது. விவசாயிகள் கேட்கத் தகுந்தது வேறு: இறக்குமதி அளவையும் கெடுவையும் விதைப்புப் பட்டத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தமிழக விவசாயிக்கு எவ்வளவு தேவையோ, பாகோ விவசாயிக்கும் அதே அளவு தேவையான அறிவிப்பு அது. அது கைக்கு வந்துவிட்டால், உளுந்தா மக்காச்சோளமா என்ற கணக்கைக் கச்சிராயபாளையத்து விவசாயி தானே போட்டுக்கொள்வார்.