அஜ்லூன் கோட்டை உணர்த்தும் பாடம்

கோட்டை என்றவுடன் வாளும் வேலும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் வாளேந்தியோர் மறைந்த பின்னரும் கோட்டைகள் நமக்கு உரைக்கும் செய்திகள் பல. ஜோர்தான் நாட்டின் அஜ்லூன் கோட்டை இதற்குத் தக்க சான்றாகும்.

எழுந்த சூழல்

தலைநகர் அம்மானுக்கு வடமேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், அவ்ஃப் மலைமீது இக்கோட்டை அமைந்துள்ளது. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் தளபதி இஸ்ஸுத்தீன் உஸாமா 1184-ஆம் ஆண்டளவில் இதனை எழுப்பினார். அக்காலத்தில் ஆற்றுக்கு அப்பால் பெல்வோர் கோட்டையும், தெற்கே கரக் கோட்டையும் சிலுவைப் போர் வீரர்தம் வசமிருந்தன. ஜோர்தான் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் வழிகளையும், அண்மையிலிருந்த இரும்புச் சுரங்கங்களையும் காத்தலே உஸாமாவின் நோக்கம். மூன்றாண்டுகளில், 1187-இல், ஹித்தீன் போர் நிகழ்ந்தது.

அமைப்பும் பணியும்

முதலில் நான்கு கோபுரங்களுடன் எழுந்த கோட்டை 1214-ஆம் ஆண்டளவில் விரிவாக்கப்பட்டது. சுற்றிலும் சுமார் 16 மீட்டர் அகலமுள்ள அகழி. உள்ளே மழைநீரைச் சேர்த்து வைக்கும் தொட்டிகள். சுவர்களில் அம்பெய்யும் குறுகிய துளைகள். இரவில் தீயொளியும் பகலில் புறாக்களும் செய்தி சுமந்தன. யூப்ரடீஸ் கரையில் புறப்பட்ட செய்தி ஒரே நாளில் கெய்ரோவை அடைந்தது என்பர். 1260-இல் மங்கோலியர் சிதைத்த கோட்டையை மம்லூக் சுல்தான் பைபர்ஸ் செப்பனிட்டார். 1837, 1927 ஆகிய ஆண்டுகளின் நிலநடுக்கங்கள் மீண்டும் இதனைக் குலைத்தன.

அருங்காட்சியகம்

இன்று இக்கோட்டையினுள் ஒரு சிறு அருங்காட்சியகம் இயங்குகின்றது. அவ்வட்டாரத்து மண்கலங்களும் அகல்விளக்குகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. தளபதியின் பெயரை ஏடுகள் காத்தன. சோறு சமைத்தவர், விளக்கேற்றியவர் வாழ்வை இம்மண்கலங்களே காத்தன. இரண்டும் சேர்ந்ததே வரலாறு.

அடித்தளத்தில் ஓர் ஆலயம்

இன்னுமொன்று நம் உள்ளத்தை நிறுத்துகின்றது. கோட்டைக்குள் அகழ்ந்தபோது, பைசாந்தியக் காலத்துக் கிறித்தவ ஆலயமொன்றின் தளம் வெளிப்பட்டது. வண்ணக் கற்கள் பதித்த அத்தரையில் கிரேக்க எழுத்துகள் காணப்படுகின்றன. சிலுவைப் போரில் முஸ்லிம்களுக்கு அரணாயிருந்த இடத்திலேயே அவ்வாலயத்தின் எச்சம் பேணப்பட்டு, வருவோர் காண வைக்கப்பட்டுள்ளது. மூடி மறைத்திருந்தால் கோட்டையின் பெருமை ஒரு சிறிதும் உயர்ந்திராது. வரலாறு மட்டுமே குறைந்திருக்கும்.

முடிவுரை

தன் முன்னோரின் வெற்றியைப் போற்றுதல் எளிது. தன் சுவருக்கு அடியில் பிறர் இட்ட கல்லையும் உள்ளவாறே காட்டுதல் அரிது. அதற்கு நேர்மை வேண்டும். சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது திருக்குர்ஆன் நமக்கு இட்ட கட்டளையன்றோ? வரலாறு பயிலும் மாணவச் செல்வங்கள் இந்நேர்மையையே முதற்பாடமாகக் கொள்வார்களாக!