வெள்ளவத்தைக் கடலில் கண்ட பெரும் பறவை

ஜூலை மாதத்து மாலையொன்று. அஸர் தொழுதுவிட்டு, வெள்ளவத்தை ரயில் பாதையைக் கடந்து கருங்கற்களில் உட்கார்ந்திருந்தோம். தென்மேல் பருவக்காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த மாணவனொருவன், "சேர், அந்தா பெரிய காகம்!" என்றான். "காகமில்லடா, பருந்து" என்றான் அடுத்தவன். "பருந்துட வால் கத்தரிக்கோல் மாதிரி இரிக்குமா?" என்று கேட்டான் மூன்றாமவன். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நம் கடற்கரைச் செம்பருந்துக்கு வெள்ளைத் தலை, செங்கல் நிற உடல், வட்டமான வால். ஆலாக்களின் வாலும் பிளந்ததுதான். ஆனால் அவை வெள்ளைப் பறவைகள், உருவத்திலும் சிறியவை. கரிய உடல், நடுவில் ஒடித்து வைத்தாற்போன்ற நீண்ட இறக்கை, ஆழப் பிளந்த வால், நுனி வளைந்த அலகு: இவை சேர்ந்திருந்தால் அது பிரிகேட் பறவை. விரைவுப் போர்க்கப்பலின் பெயரையே பிரெஞ்சு மாலுமிகள் இதற்கு வைத்தார்கள். மற்றப் பறவைகளைத் துரத்தி, அவை கக்கும் மீனை அந்தரத்திலேயே பறிக்கிறதே, பெயர் பொருத்தம்தான்.

இலங்கையில் மூன்று இனங்கள் பதிவாகியுள்ளன. ஆண் பறவையானால் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். முழுக் கறுப்பென்றால் பெரிய இனம். இறக்கை அதை மீறி 7 அடி விரியும். அக்குளில் இரு வெள்ளைக் கீற்றுகள் இருந்தால் சிறிய இனம். அதற்கே 6 அடி வரும். வயிற்றில் வெள்ளைத் திட்டு இருந்தால் கிறிஸ்மஸ் தீவு இனம்; அது உலகிலேயே அந்த ஒரு தீவில்தான் கூடு கட்டுகிறது. பெண்ணும் இளசும் என்றால் தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். நாங்கள் கண்டதில் கீற்று தெரிந்தது. சிறிய இனத்து ஆண் என்றே முடிவு செய்தோம்.

இவை இங்கே கூடு கட்டுவதில்லை. பருவக்காற்றோடு கரையோரம் ஒதுங்குபவை. கரையில் விழுந்து கிடப்பதும் உண்டு. பெயரைத் தெரிந்துகொள்வது அப்போதுதான் உதவும். சில வருடங்களுக்கு முன் இதே கரையில் சோர்ந்து கிடந்த ஒன்றைச் சிலர் நல்ல மனசோடு தூக்கி, "கடல் பறவைதானே, கடலுக்கே போகட்டும்" என்று அலையில் விட்டார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது தாழ்ந்துபோனது.

பிரிகேட் பறவைக்கு நீந்த வராது. இறகில் பூச அதனிடம் எண்ணெய் மிகக் குறைவு, நனைந்தால் கனத்துவிடும். கால் சிறியது, விரலிடைத் தோலும் குறைவு, நீரிலிருந்து எழும்புவது பெரும்பாடு. அதனால்தான் கடலில் இறங்காமலே மேல்மட்டத்து மீனைக் கொத்திக்கொண்டு போகிறது. மொசாம்பிக் கால்வாய்ப் பக்கம் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. அதன்படி இவற்றால் இரண்டு மாதம் வரை தரையிறங்காமல் பறக்க முடியும். மேகத்துக்குள் 4,000 மீற்றர் வரை ஏறுகின்றன.

கண்டெடுத்தால் துவாயால் போர்த்திப் பிடியுங்கள்; அலகு கண்ணுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுத் துளையிட்ட பெரிய அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

அன்று நாங்கள் பார்த்தது ஒருமுறைகூட இறக்கையடிக்காமல் தெஹிவளைப் பக்கம் சரிந்து போனது. "சேர், அது எங்க தூங்கும்?" என்றான் சின்னவன். பறந்துகொண்டேதான் என்றேன். அவன் நம்பவில்லை.