அரண்மனை அடுப்பு, சந்து முனையில்

நாடிழந்த முகலாய அரசரின் சமையல்காரர் வம்சம் நூறாண்டுகளுக்கு மேலாகப் பழைய தில்லியில் விருந்து படைக்கிறது. தமிழர் நாக்குக்கு அங்கே பரிச்சயமான சில சொற்களும் காத்திருக்கின்றன.

தில்லி ஜும்மா மசூதியின் தெற்கு வாசலுக்கு எதிரே, கரிப்புகை மண்டிய ஒரு குறுகிய சந்து. பெயர் கலி கபாபியான், அதாவது கபாப்காரர்கள் சந்து. ஆட்டோ, தள்ளுவண்டி, கோழிக்கடைகளைத் தாண்டி உள்ளே நுழைந்தால் சிறிய முற்றம். சுற்றிலும் அடுப்புகள், தந்தூர்கள், ஆளுக்கொரு திசையில் சாப்பாட்டு அறைகள். கரீம் ஹோட்டல் இதுதான்.

ஆடம்பரத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். இடம் காலியாக இருக்கும் மேஜையில் யார் பக்கத்திலாவது உட்கார வேண்டியதுதான். தனியாகப் பயணம் செய்பவர் தயங்கத் தேவையில்லை. பல அயிட்டங்கள் அரை பிளேட்டும் கிடைக்கும். பெரிய பெரிய தேக்சாக்கள் வாசலிலேயே திறந்திருக்கின்றன. மொழி தெரியாவிட்டால் விரலால் சுட்டிக்காட்டினால் போதும். துருக்கியில் கடைத்தெருவாசிகள் சாப்பிடும் 'லோகந்தா' என்ற எளிய உணவகங்களிலும் இதே பழக்கம்தான். பாத்திரத்தைப் பார், பிடித்ததைக் கேள்.

கரீம் துருக்கி ஹோட்டல் அல்ல. ஆனால் உறவு இல்லாமலும் இல்லை. 1526-ல் பானிபட்டில் வென்று தில்லியைப் பிடித்த பாபரின் தாய்மொழி சகதாய் துருக்கி. தன் நினைவுக் குறிப்புகளை அம்மொழியில்தான் எழுதினார். இந்துஸ்தானத்துக் கடைவீதிகளில் நல்ல ரொட்டியோ சமைத்த உணவோ கிடைப்பதில்லை என்று அதில் குறைபட்டும் கொண்டார். அவர் வம்சத்தார் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டார்கள். அடுப்போடு சொற்களும் வந்தன. வறுத்த கறி துருக்கியில் 'கவுர்மா', கொத்திய கறி 'கிய்மா'. தில்லியில் அவை கோர்மா, கீமா. தெற்கே இறங்கியதும் பரோட்டாவுக்கு ஊற்றும் குருமாவாகவும் கைமா உருண்டையாகவும் ஆகிவிட்டன. கரீமில் மட்டன் கோர்மா கேட்கும் மதுரைக்காரர், தன் ஊர்க் குருமாவின் மூத்த அண்ணனைத்தான் சந்திக்கிறார். தேங்காய் இல்லை, தயிரும் வெங்காயமும் நெய்யும் உண்டு.

குடும்பத்தின் கதை 1857-ல் தொடங்குகிறது. கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜாஃபரின் சமையலறையில் முகமது அவைஸ் என்பவர் பணிபுரிந்தார் என்பது குடும்பத்தார் சொல்லும் வரலாறு. கிளர்ச்சி தோற்றது. அரசர் 1858-ல் ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டு 1862-ல் அங்கேயே இறந்தார். சமையல்காரர் உயிருக்குப் பயந்து காஜியாபாத் பக்கம் ஒதுங்கினார். அரண்மனை போய்விட்டது, கைப்பக்குவத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

1911-ல் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு தர்பாருக்காகத் தில்லியில் கூட்டம் குவிந்தது. மகன் ஹாஜி கரீமுதீனுக்கு அது வாய்ப்பாகப்பட்டது. உருளைக்கிழங்கு போட்ட ஆட்டுக்கறி, பருப்பு, கூடவே ருமாலி ரொட்டி. இவ்வளவுதான் அன்றைய மெனு. 1913-ல் இதே சந்தில் ஹோட்டலைத் திறந்தார். அரசர் சாப்பிட்டதைச் சாமானியரும் சாப்பிட வேண்டும் என்பது அவரது எண்ணமாம். நாடிழந்த அரசரின் பந்தியில் ரிக்‌ஷாக்காரரும் உட்கார்ந்தார்.

காலையில் வருபவர்கள் நிஹாரியைத் தவறவிடக்கூடாது. இரவெல்லாம் சிறு தீயில் வெந்த கால்கறி, எலும்பின் சாறு இறங்கிய குழம்பு, தந்தூரிலிருந்து எடுத்த கமீரி ரொட்டி. ஆட்டுக்கால் பாயாவும் உண்டு. தமிழர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மாலையில் சீக் கபாபும், நெருப்பில் கருகிய ஓரங்களோடு வரும் 'புர்ரா'வும். சைவர்களுக்குப் பருப்பும் பனீரும் கிடைக்கும். ஆனால் அதற்காக யாரும் இந்தச் சந்துக்கு வருவதில்லை.

1947 பிரிவினையில் பழைய தில்லியின் முஸ்லிம் குடும்பங்கள் பல பாகிஸ்தானுக்குப் போயின. அங்கிருந்து வந்த பஞ்சாபிகள் தரியாகஞ்சில் மோதி மகாலைத் திறந்து, தந்தூரிச் சிக்கனையும் பட்டர் சிக்கனையும் தில்லியின் அடையாளமாக்கினார்கள். கரீம் குடும்பம் இடம்பெயரவில்லை. அடுத்தடுத்த தலைமுறைகள் கல்லாவிலும் அடுப்படியிலும் அமர்ந்தன. மசாலாக் கலவை வெளியாள் கைக்குப் போவதில்லை என்பது தில்லியில் எல்லோரும் சொல்லும் செய்தி.

சோதனை இப்போதுதான். கிளைகள் பெருகிவிட்டன. பெயரை மற்றவர்கள் எடுத்தாள்வதைத் தடுக்கத் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் வேண்டியிருந்தது. பெயரைச் சட்டம் காப்பாற்றும். ருசியை? எழுதி வைக்காத பக்குவம் அது. அடுப்பருகே நின்று, மூத்தவர் கையைப் பார்த்துப் பழக வேண்டும். ஏ.சி. மாலில் திறக்கும் கிளைக்கு அந்தக் கையை அனுப்ப முடியுமா என்பதில்தான் கரீமின் அடுத்த நூறாண்டு இருக்கிறது.

அதுவரை, வருபவர்கள் மூலக் கடையைத் தேடி வருவதே நல்லது. 2017 முதல் மெட்ரோ ரயில் ஜும்மா மசூதி வரை வருகிறது. இறங்கியபின் வழி கேட்டால் யாரும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் மூக்கு சொல்லிவிடும்.