தோலில் தெரியும் குலவழி – 9: மஞ்சள் பருவும் ஒரு தையற்காரியின் கணிப்பும்

கௌடன் நோய்க்குறியில் முகத்தில் எழும் சிறு கட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் கூறியவை வாசகர்களின் நினைவில் இருக்கும்; இவ்வாரத்துக்கு உரியது மியூர்–டோரே நோய்க்குறி.

தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து தோன்றும் செபேசியஸ் அடினோமா என்னும் கட்டி, பெரும்பாலும் முகத்திலோ கண்ணிமையிலோ சில மில்லிமீட்டர் அளவில், மஞ்சள் சாயலுடனோ தோலின் நிறத்திலேயோ, வலியின்றி மெல்ல வளர்வதால், பரு என்றோ மரு என்றோ கருதி விட்டுவிடப்படுகிறது. நடுவயதைக் கடந்தவர்களின் நெற்றியிலும் கன்னத்திலும் நடுவே சிறு குழிவுடன் பரவலாகக் காணப்படும் எண்ணெய்ச் சுரப்பிப் பெருக்கம் தீங்கற்றது, அடினோமாவோ அரியது. இரண்டையும் கண்ணால் மட்டும் பிரித்தறிவது தேர்ந்த தோல் மருத்துவருக்கும் எளிதன்று என்பதால், சிறு துணுக்கை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் காணும் திசுப் பரிசோதனையே முடிவைத் தரும். அடினோமா போன்ற தோல் கட்டிகளும் உள்ளுறுப்புப் புற்றுநோய்களும் ஒருவரிடமே சேர்ந்து வருவதை 1967இல் பிரிட்டனின் அறுவை மருத்துவர் எட்வர்ட் மியூரும், மறு ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் டக்ளஸ் டோரேயும் தனித்தனியே பதிவுசெய்தனர். பெருங்குடல், கருப்பை ஆகியவற்றில் இளவயதிலேயே புற்றுநோய் வரக் காரணமாகும் லிஞ்ச் நோய்க்குறியின் ஒரு வடிவமே மியூர்–டோரே நோய்க்குறி என்பது பின்னர் தெளிவாயிற்று.

அந்த லிஞ்ச் நோய்க்குறியின் கதை ஒரு தையற்காரியிடம் தொடங்குகிறது என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது அவருக்கு இழைக்கும் அநீதியாகும். 1895இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நோயியல் வல்லுநர் ஆல்ட்ரெட் வார்த்தின், ஆன் ஆர்பர் நகரில் தமக்குத் தைத்துக் கொடுத்த பெண் வாட்டமுற்றிருப்பதைக் கண்டு காரணம் கேட்டபோது, தம் குடும்பத்தில் பலர் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டு மாண்டதால் தமக்கும் அவ்வாறே விரைவில் சாவு வரும் என்று அப்பெண் கூறினார். அப்போது அவர் நலமாகவே இருந்தார். ஆயினும் பின்னர் இளவயதிலேயே கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயால் இறந்தார். நுண்ணோக்கியோ நூலறிவோ இன்றி, உறவினரின் சாவுகளை மட்டும் கோத்துப் பார்த்துத் தம் குலவழியின் நோயை அவர் சரியாகக் கணித்திருந்தார். அக்கூற்றைப் புலம்பல் என்று தள்ளாமல் குடும்பத்தின் வம்சாவளியைத் திரட்டி 1913இல் வெளியிட்டது வார்த்தினின் பெருமை. ஜி குடும்பம் எனப் பெயர்பெற்ற அந்தச் செர்மானிய வழிக் குடும்பத்தை, ஒமாஹா நகர மருத்துவர் ஹென்றி லிஞ்ச் 1971இல் மீண்டும் ஆராய்ந்தார். அவர்களின் குறை எம்எஸ்எச்2 என்னும் மரபணுவில் இருப்பது, தையற்காரி பேசி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் உறுதிப்பட்டது. மியூர்–டோரே நோயாளிகளிடம் மிகுதியாகப் பழுதுற்றிருப்பதும் இதே மரபணுதான்.

உயிரணு பிரியும்போது டிஎன்ஏ நகலில் நேரும் பிழைகளை, அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவரைப் போலக் கண்டு நீக்கும் புரதங்களுள் ஒன்றை இம்மரபணு ஆக்குகிறது. பெற்றோருள் ஒருவரிடம் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேர ஐம்பது விழுக்காடு வாய்ப்புண்டு. வெட்டியெடுத்த கட்டியைச் சாயமேற்றிப் பார்த்தால், அப்புரதம் உள்ள உயிரணுக்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும். கட்டியின் உயிரணுக்களில் மட்டும் அந்நிறம் காணாவிடில் ஐயம் வலுக்கும். ஆனால் மரபுக் குறை இல்லாத முதியோரின் கட்டியிலும் புரதம் தற்செயலாக மறையக்கூடும் என்பதால், சாயச் சோதனையோடு நிற்காமல், குடும்ப வரலாற்றைக் கேட்டறிந்து, இரத்தத்தில் மரபணுச் சோதனையும் செய்த பின்னரே முடிவுகூற வேண்டும். குறை உறுதியானவருக்கு, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி என்னும் குழாய்க் கருவியால் பெருங்குடலைப் பார்த்து, புற்றாக மாறுமுன்பே அங்குள்ள கட்டிகளை அகற்றிவிட முடியும்.

மூக்கைச் சுற்றி வெண்ணிறப் பருக்களாக எழுந்து சிறுநீரகப் புற்றுநோயைப் பற்றி எச்சரிக்கும் பர்ட்–ஹாக்–டூபே நோய்க்குறி இவ்விதழில் இடம்பெறும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. தையற்காரிக்குத் தரப்பட்ட இடத்தால் அது அடுத்த இதழுக்குச் செல்கிறது.