ஐம்பத்தைந்து வயது

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எனக்கு ஒரு பரீட்சை வருகிறது. வாழ்நாளெல்லாம் பிறரைப் பரீட்சித்தே பிழைத்த ஆசிரியனுக்கு இது தகுந்த தண்டனைதான் என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. கடவுச்சீட்டு, வங்கிக் கடிதம், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஓர் உறையிலிட்டுக்கொண்டு, விடியுமுன் தெல்தெனியவில் பஸ் ஏறிக் கண்டிக்கும், அங்கிருந்து கோச்சியில் கொழும்புக்கும் சென்று, பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வரிசையில் நிற்க வேண்டும். என் விசாவைப் புதுப்பிக்கும் நாள் அது.

ஓய்வுபெற்ற வெளிநாட்டார் இலங்கையில் வந்து வாழ்வதற்கென அரசாங்கம் ஒரு விசாத் திட்டம் வகுத்துள்ளது. 'என் கனவு இல்லம்' என்பது அதன் பெயரின் பொருள். நான் விண்ணப்பித்தபோது சொல்லப்பட்ட நிபந்தனைகள் இவை: 55 வயது நிரம்பியிருக்க வேண்டும், 15,000 அமெரிக்க டாலர் வங்கியில் நிலையான வைப்பாக இருக்க வேண்டும், மாதந்தோறும் 1,500 டாலர் வெளிநாட்டிலிருந்து வந்துசேர வேண்டும். இவற்றை நிறைவேற்றினால் இரண்டு ஆண்டு அனுமதி. அதன்பின் எல்லாம் ஒழுங்காக நடந்ததென்று நிரூபித்தால் மேலும் இரண்டு ஆண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூட ஆசிரியனின் ஓய்வூதியம் அத்தொகைக்கு எட்டாது. துபாயில் உத்தியோகம் பார்க்கும் மகன் குறையை நிரப்புகிறான்.

சென்ற முறை என் படிவத்தைப் பார்த்த இளம்பெண் ஒருத்தி சற்றே புருவம் சுருக்கினாள். "பிறந்த இடம் தெல்தெனிய, பிரஜாவுரிமை இந்தியா என்று எழுதியிருக்கிறீர்களே, ஐயா? எங்காவது பிழை நேர்ந்திருக்கிறதா?" என்று சிங்களத்தில் வினவினாள்.

"எழுத்தில் பிழையில்லை, மகளே" என்றேன். அவள் என் முகத்தை ஒருமுறை நோக்கிவிட்டு முத்திரையை எடுத்தாள்.

எழுத்தில் பிழையில்லை. ஆயினும் அவ்விரு சொற்களுக்கும் நடுவே ஒரு சரித்திரமே கிடக்கிறது. தெல்தெனியவுக்கு மேலே, ரங்கல மலைச்சாரலில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் 1960ஆம் ஆண்டு நான் பிறந்தேன். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அதற்கு முன்பே எங்கள் குடும்பத்தை எந்த நாட்டையும் சேராததாக்கியிருந்தது. பின்னர், 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் எங்களைக் கணக்கிட்டது. மொத்தம் 9,75,000 பேர். அவர்களுள் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வதென்று முடிவு. பத்து ஆண்டு கழித்து, 1974இல், அந்த எஞ்சியோரையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன.

அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டோர், கப்பலேறும் முறை வரும் வரையோ, 55 வயது எய்தும் வரையோ, எது முந்துகிறதோ அதுவரை தொழிலில் நீடிக்கலாம். அதுவரை வதிவிட விசா இலவசம். என் தந்தையாருக்கு 1972இல் 55 வயது நிரம்பிற்று. தொழில் போயின் லயத்துக் காம்பிராவும் போகும். கண்டி நிலையத்தில் நாங்கள் ஏறிய வண்டியை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்பர். ஏறியவரும் அழுதனர், மேடையில் நின்றவரும் அழுதனர். மேடையில் நின்றவர்களுள் என் மூத்த அக்காளும் ஒருத்தி. அவள் கணவர் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுப் பிரஜையானவர். ஆகவே அவள் இந்நாட்டவளாகத் தங்கினாள். அவளுக்கு இருபத்தொரு வயது, எனக்குப் பன்னிரண்டு.

தலைமன்னாரிலிருந்து கடல் கடந்து, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, நீலகிரியை அடைந்தோம். நாடு திரும்பியோரின் மறுவாழ்வுக்கென மாநில அரசு 1968இல் அங்கே தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் என் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. தந்தையாருக்கு வயது கடந்துவிட்டதென்றனர். எஞ்சிய காலத்தை அவர் வாசலில் அமர்ந்து, எதிர்மலையை நோக்கியே கழித்தார். "நம்ம மலை மாதிரியே இருக்கு" என்பார். "நம்ம மலை" என்று அவர் சொன்னது எதை என்பதில் எங்களுக்கு ஐயமே எழுந்ததில்லை.

இரு விதிகளிலும் இடம்பெறும் எண் ஒன்றே. அன்று 55 வயதில் என் தந்தையாரின் கைக்கு இங்கு வேலையில்லை. இன்று 55 வயது கடந்த என்னை அதே நாடு வருகவென்று அழைக்கிறது. என் வைப்புப் பணத்துக்கு இங்கு வேலையிருக்கிறது. அரசாங்கங்களை நான் குறை கூறவில்லை. எந்த நாடும் வரவு செலவு பார்த்தே கதவு திறக்கும். அதுவே உலக இயல்பு. ஆயினும், பிறந்த இடம் எதுவென்று வினவுகிற படிவம், அதற்குரிய விடைக்கு ஒரு மதிப்பெண்ணும் இடுவதில்லை என்பதை மட்டும் ஓர் ஆசிரியனாக நான் குறித்துக்கொள்கிறேன்.

திகனைப் பக்கத்தில் ஓர் ஆங்கிலேயர் என்னைப் போலவே இவ்விசாவில் வாழ்கிறார். நல்ல மனிதர். புதுப்பிக்கும் வேலை அவருக்கு ஒரு நாள் அலைச்சல். வெயிலையும் வரிசையையும் நொந்துகொள்வார். மறுக்கப்பட்டால் வேறொரு கடற்கரை நாட்டைத் தேடிக்கொள்வார். எனக்கோ, மறுக்கப்படின் 1972ஆம் ஆண்டு இரண்டாம் முறை வரும்.

நாங்கள் பஸ் ஏறிய பழைய தெல்தெனிய இன்றில்லை. மகாவலிக்குக் குறுக்கே எழுந்து 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர் அதை மூடிவிட்டது. மேட்டில் புதிய நகரம் எழுந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் இடிபாடுகள் வெளிப்படும். பார்ப்பதற்கு மக்கள் கூடுவர். சென்ற வரட்சியில் அக்காளின் கையைப் பற்றிக்கொண்டு நானும் இறங்கினேன். வெடித்த சேற்றில் நின்று, இங்கேதான் பஸ் நின்றது, இங்கேதான் அப்பா தகரப்பெட்டியை இறக்கி வைத்தார் என்று அவள் காட்டினாள். அவள் காட்டிய இடம் சரிதானா என்று நான் ஆராயவில்லை.

சென்ற முறை பத்தரமுல்லையிலிருந்து திரும்புகையில் இருட்டிவிட்டது. அக்காள் விளக்கேற்றி வைத்துக்கொண்டு வாசலிலேயே அமர்ந்திருந்தாள்.

"இந்தத் தடவை எத்தனை வருசம் குடுத்திருக்காங்க, தம்பி?"

"ரெண்டு வருசம், அக்கா."

விரல்விட்டு எண்ணினாள். "அதுக்குள்ள எனக்கு எழுபத்தாறு ஆயிரும்" என்றாள். பிறகு, சோறு ஆறுவதாகச் சொல்லிக்கொண்டே உள்ளே எழுந்து போனாள்.